சத்தத்தைக் குறைத்தால் கரகரக்கும் ஆம்ப்ளிஃபயர்

"அண்ணே, சத்தமா வச்சா நல்லாத்தான் பாடுது. ராத்திரி கம்மியா வச்சுக் கேட்டாத்தான் கரகரங்குது."

என் மேசைக்கு ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி சொன்ன புகார் இது. யாரோ அசெம்பிள் செய்து கொடுத்த பெட்டி. கனமான டிரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு ஒரு ஜோடி 5200-1943 டிரான்சிஸ்டர்கள், ஒரு சாண் நீளத்துக்குச் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க். மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் புகாரிலேயே பாதி விடை இருந்தது. ஆம்ப்பில் வரும் பெரும்பாலான கோளாறுகள் சத்தம் கூடும்போதுதான் தலைகாட்டும். சப்ளை போதாமல் அலையின் உச்சி வெட்டுப்படும், ஸ்பீக்கர் தடதடக்கும், டிரான்ஸ்ஃபார்மர் முனகும். சத்தத்தைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடும். இந்தப் பெட்டியில் எல்லாம் தலைகீழ். வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்திருந்தால் திருகும்போது மட்டும் கரகரக்கும், ஸ்பீக்கர் காயில் உரசினால் வேறு ஆம்ப்பில் போட்டாலும் உரசும். இரண்டையும் பார்த்துத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது அநேகமாக ஒன்றுதான்: கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் ஞாபகம் வரும். தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும், கூர்மையான ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் காயில், கெப்பாசிட்டர் தொகுதி அது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே கிராஸ்ஓவர் என்பது ஆம்ப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு வேலை கைமாறும் இடம்.

மூடியைத் திறந்தேன். அவுட்புட் டிரான்சிஸ்டர்களை எப்போதும் லேசாக விழிப்பில் வைத்திருக்கும் பயாஸ் டயோடுகள் இருக்கும் இடத்தில், அவற்றின் மேலேயே ஒரு சின்னக் கம்பித் துண்டை வைத்து ஷார்ட் செய்து சால்டர் அடித்திருந்தது. முன்பு ஒரு தடவை "ஹீட்சிங்க் ரொம்பச் சுடுது" என்று வேறோர் இடத்தில் காட்டியதாகத் தம்பி சொன்னான். பார்த்தவர் சூட்டைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். சூட்டோடு சேர்ந்து மெல்லிய ஒலியும் போய்விட்டது. ஆம்ப்ளிஃபயர்களைக் கிளாஸ் ஏ, பி, ஏபி என்று பிரித்துப் பேசுவதெல்லாம் சூட்டுக்கும் தெளிவுக்கும் நடுவே நடக்கும் இந்தப் பேரத்தைப் பற்றித்தான்.

இரண்டு பேர் பிடித்த ரம்பம்

பெரிய மரத்தை இரண்டு பேர் ரம்பம் போட்டு அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவர் இழுப்பார், அவர் விடுவார். அவர் இழுப்பார், இவர் விடுவார். இருவருமே ஒரு கணம் கையைத் தளர்த்திவிட்டால் ரம்பம் மரத்துக்குள் அப்படியே நின்றுவிடும்.

புஷ்-புல் அவுட்புட் இப்படித்தான் வேலை செய்கிறது. அலை நடுக்கோட்டுக்கு மேலே போகும்போது 5200 ஸ்பீக்கருக்குக் கரண்டைத் தள்ளுகிறது. கீழே போகும்போது 1943 இழுக்கிறது. ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. அதன் கால்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஏறக்குறைய 0.6 வோல்ட் வரும்வரை அது கண் விழிக்காது. ஆகவே அலை மேலே 0.6 வோல்ட்டுக்கும் கீழே 0.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும் நேரத்தில் இரண்டு பேருமே கையைத் தளர்த்தி நிற்கிறார்கள். ஸ்பீக்கருக்கு எதுவும் போவதில்லை. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் வைத்தால், வளைந்து இறங்கி வரும் அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் படிக்கட்டு போல ஒரு தட்டையான துண்டு தெரியும்.

இந்தத் தட்டையின் அளவு மாறாது. அலை பெரிதானாலும் சிறிதானாலும் அது அதே 0.6 வோல்ட்தான். கோளாறின் வேர் இதுதான். பயாஸும், வெளியே வருவதைப் பார்த்துத் திருத்தும் ஃபீட்பேக்கும் இல்லாத வெறும் ஜோடியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட் என்றால் அலையின் உச்சி 20 வோல்ட். அத்தனை பெரிய அலை 0.6 வோல்ட் எல்லைக்குள் கழிக்கும் நேரம் ஒரு சுற்றில் சுமார் 2 சதவீதம்தான். 1 வாட் அளவுக்கு இறங்கினால் உச்சி 4 வோல்ட், செத்த நேரம் 10 சதவீதத்தைத் தொடுகிறது. 50 மில்லிவாட் அளவுக்கு இறங்கினால் உச்சி 0.9 வோல்ட், அலையின் 46 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட பாதி, காணாமல் போகிறது. உச்சி அரை வோல்ட் ஆகிவிட்டால் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது.

50 மில்லிவாட் ஏதோ பேச்சுக்குச் சொன்ன அளவு இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நாம் பாட்டுக் கேட்பது ஏறக்குறைய அந்த அளவில்தான்.

வீணையை நினைத்துப் பாருங்கள். மீட்டிய கணத்தில் ஒலி பெரிதாக எழுகிறது. பிறகு மெல்ல மெல்லத் தேய்கிறது. அந்தத் தேய்வில்தான் கமகத்தின் கடைசி இழை இருக்கிறது. பயாஸ் இல்லாத ஆம்ப்பில் மீட்டல் நன்றாகவே கேட்கும். தேய்ந்து வரும்போது ஒலியில் மணல் கலந்தது போலாகி, அடங்குவதற்கு முன்பே சட்டென்று அறுந்துவிடும். தம்புரா இன்னும் மோசம், ஏனென்றால் தம்புராவே முழுக்க முழுக்கத் தேய்வின் ஒலி.

கரகரப்பு ஏன் காதை இத்தனை உறுத்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. வால்வு ஆம்ப்பில் வரும் திரிபு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் மடங்கு அதிர்வெண்களாக இருக்கும். மூலச் சுரத்தின் பக்கத்திலேயே நிற்பதால் காது அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், சில நேரம் இதமாகக்கூட எடுத்துக்கொள்ளும். நடுக்கோட்டில் விழும் கூரான மடிப்பு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மடங்குகளை வெகு உயரம் வரை வீசுகிறது. மூலச் சுரத்திலிருந்து அத்தனை தள்ளி நிற்பதை மூலச் சுரத்தால் மறைக்க முடியாது. போதாக்குறைக்கு அது நடப்பது பாட்டு மெலிந்திருக்கும் நேரத்தில். மறைப்பதற்கு வேறு ஒலியும் இல்லை.

பழைய பாக்கெட் டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தவர்கள் இதைப் பெயர் தெரியாமலே கேட்டிருக்கிறார்கள். பேட்டரிக் கட்டை தீரும் நேரத்தில் ரேடியோ சத்தம் குறைந்து கரகரக்கும். கட்டையைக் கழற்றி வெயிலில் வைத்து எடுத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகப் பாடும். வோல்டேஜ் இறங்கியதும் அவுட்புட் ஜோடிக்கான பயாஸும் சேர்ந்து இறங்கியதால் வந்த கரகரப்பு அது. கட்டைக்கு உயிர் வந்ததும் பயாஸுக்கும் உயிர் வந்தது.

கிளாஸ் என்பது வேலை நேரம்

கிளாஸ் எழுத்துகளை மார்க் போல நினைப்பவர்கள் நிறைய. ஏ முதல் தரம், பி இரண்டாம் தரம், டி கடைசி என்று கடைகளில்கூடச் சொல்கிறார்கள். உண்மையில் இவற்றில் முதல் சில எழுத்துகள் வால்வு காலத்திலேயே வந்துவிட்டன. அவை குறிப்பது ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் அந்த வால்வோ டிரான்சிஸ்டரோ கரண்ட் விடுகிறது என்பதை.

கிளாஸ் ஏ என்றால் முழுச் சுற்றும். 360 டிகிரியும் டிரான்சிஸ்டர் அணைவதே இல்லை, ஆகவே கைமாற்றும் இல்லை, கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷனுக்கு இடமே இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை சூடு. பாட்டு ஓடாதபோதும் முழுக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 8 ஓமில் 50 வாட் தரும் புஷ்-புல் கிளாஸ் ஏ வேண்டும், சப்ளை கூட்டல் கழித்தல் 35 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், சும்மா இருக்கும்போதே ஒரு சேனலில் சுமார் 1.8 ஆம்பியர் ஓட வேண்டும். கிட்டத்தட்ட 125 வாட் சூடு. ஸ்டீரியோ என்றால் 250. நம் ஊர் மே மாதத்தில் அந்த அறையில் யார் உட்கார்வது?

இருந்தும் அதற்கு ஓர் அழகான காலம் இருந்தது. 1960களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் வீட்டுக்குள் வந்தபோது, வால்வுக்குப் பழகிய காதுகள் முகம் சுளித்தன. அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏவில் எச். சி. லின் 1956-இல் வெளியிட்ட சர்க்யூட்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்புகளுக்குப் பாதை போட்டது. அப்போது ஒன்றுக்கொன்று எதிரினமாகப் பொருந்தும் நல்ல பவர் டிரான்சிஸ்டர் ஜோடி கிடைக்காததால் மேலேயும் கீழேயும் ஒரே இன டிரான்சிஸ்டரைப் போட்டுச் சமாளித்தார்கள். கைமாறும் இடத்தில் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் பொருத்தம் சரியாக வரவில்லை. 'டிரான்சிஸ்டர் சவுண்ட்' என்று வசையாகச் சொன்னதில் பெரும் பங்கு இந்த மடிப்புக்கு உண்டு. 1969-இல் ஜான் லின்ஸ்லி ஹூட், வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் 10 வாட் மட்டுமே தரும் எளிய கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்றை வெளியிட்டார். 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். 10 வாட் ஒலிக்கு 32 வாட் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆர்வலர்கள் அதைக் கட்டிக் கேட்கிறார்கள். சின்ன அறை, நல்ல ஸ்பீக்கர், மெல்லிய பாட்டு என்றால் அந்த 10 வாட் தாராளம்.

கிளாஸ் பி என்றால் சரியாகப் பாதிச் சுற்று, 180 டிகிரி. கணக்குப்படி அதன் உச்சத் திறன் 78.5 சதவீதம். ஆனால் மேலே பார்த்த செத்த இடம் அதன் கூடவே வருகிறது. கிளாஸ் சி பாதிக்கும் குறைவு. ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது.

கிளாஸ் ஏபி இரண்டுக்கும் நடுவில். இரண்டு டிரான்சிஸ்டர்களையும் அரைத் தூக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கையை விடுவதற்கு முன்பே மற்றவர் பிடித்துவிடுவார். அதற்காகப் பேஸ்களுக்கு நடுவே முன்கூட்டியே ஒரு வோல்டேஜைக் கொடுத்து, சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்டை ஓடவிடுகிறோம். அதுதான் பயாஸ். 4440, டிடிஏ 2030 போன்ற ஐசிகளும், சந்தையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர் போர்டுகளும் பெரும்பாலும் ஏபிதான்.

எவ்வளவு பயாஸ்?

இந்தக் கேள்விக்கு ஒர்க்‌ஷாப்களில் இரண்டு பதில்கள் கேட்டிருக்கிறேன். "சூடாகாத அளவுக்கு வை" என்பது ஒன்று. "கூட வைத்தால் கிளாஸ் ஏ மாதிரி இருக்கும், கூட்டி வை" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஒரு சரியான இடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தாலும் திரிபு, கூடினாலும் திரிபு. ஹியூலெட்-பேக்கார்டில் இருந்த பெர்னார்ட் ஆலிவர் 1971-இல் அந்த நிறுவனத்தின் இதழில் இதை விளக்கி எழுதினார். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒவ்வொரு அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். வெள்ளைச் செங்கல் துண்டு போல 5 வாட் செராமிக் ரெசிஸ்டர், பெரும்பாலும் 0.22 ஓம். டிரான்சிஸ்டருக்கு உள்ளேயும் ஒரு தடை உண்டு. அது நிலையானது இல்லை. 26 மில்லிவோல்ட்டை ஓடும் கரண்டால் வகுத்தால் வரும். கரண்ட் குறைந்தால் தடை கூடும், கரண்ட் கூடினால் தடை மறைந்துவிடும்.

இப்போது சும்மா ஓடும் கரண்ட் 118 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். உள்தடை 0.22 ஓம். வெளியே 0.22. ஒரு பக்கத்துக்கு மொத்தம் 0.44. இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்வதால் ஸ்பீக்கருக்குத் தெரியும் தடை இதில் பாதி, 0.22. பிறகு அலை பெரிதாகி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும்போது, கரண்ட் பெருகுவதால் உள்தடை மறைகிறது. மிஞ்சுவது வெளி ரெசிஸ்டரின் 0.22. நடுவிலும் 0.22, ஓரத்திலும் 0.22. கைமாறியது ஸ்பீக்கருக்கே தெரியாது!

பயாஸை 10 மில்லிஆம்பியருக்கு இறக்குங்கள். உள்தடை 2.6 ஓம். இரண்டும் சேர்ந்து 1.4 ஓம். ஓரத்தில் அதே 0.22. நடுவில் மட்டும் ஒலி தளர்ந்துபோகிறது. சரி, அரை ஆம்பியருக்கு ஏற்றினால்? உள்தடை 0.05, இரண்டும் சேர்ந்து 0.14. இப்போது நடுவில் விறைப்பாகவும் ஓரத்தில் தளர்வாகவும் ஆகிவிடுகிறது. மடிப்பு சின்னதுதான், குறைந்த பயாஸ் அளவுக்குக் கொடுமை இல்லை. ஆனாலும் மடிப்பு மடிப்புதான், சூடு வேறு கூடுதல். முழுக் கிளாஸ் ஏ வரை போவதானால் போகலாம். பாதி வழியில் நிற்பதில் லாபம் இல்லை.

ஆக, மனதில் வைக்க வேண்டியது கரண்ட் அல்ல, எமிட்டர் ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜ். அது 26 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரின் உட்கம்பிகளுக்கும் சிறிது தடை உண்டு என்பதால் 20 முதல் 25 வரை என்று நான் வைத்துக்கொள்கிறேன். ரெசிஸ்டர் 0.1 ஓமாக இருந்தாலும் 0.47 ஆக இருந்தாலும் இந்த வோல்டேஜ் அதேதான், கரண்ட் மட்டும் மாறும். ஒரு சேனலில் நான்கு ஜோடி இருந்தால் ஒவ்வொன்றின் ரெசிஸ்டரிலும் இதே அளவு வர வேண்டும். ஆங்கிலேயப் பொறியாளர் டக்ளஸ் செல்ஃப் பிற்காலத்தில் இதை விரிவாக அளந்து எழுதினார். நல்ல பொருத்தமான புள்ளி மிகக் குறுகலானது என்பதைக் கண்ணால் காட்டியவர் அவர்.

சூடு அந்தப் புள்ளியை நகர்த்துகிறது

26 மில்லிவோல்ட் எவ்வளவு சின்ன அளவு என்பது சூட்டோடு ஒப்பிட்டால்தான் புரியும். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால் அது விழிக்கும் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 50 டிகிரி ஏறினால் 100 மில்லிவோல்ட். நாம் குறிவைத்த அளவைப் போல நான்கு மடங்கு நழுவல். அதே பயாஸ் வோல்டேஜ் இருக்க, டிரான்சிஸ்டர் சூடாகும், கரண்ட் கூடும், இன்னும் சூடாகும், இன்னும் கூடும். கவனிக்காமல் விட்டால் பழுத்து வெடித்துவிடும். "ஹீட்சிங்க் சுடுது" என்ற அந்தப் பழைய புகாரும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். தம்பியின் பெட்டியில் பயாஸ் டயோடுகள் ஹீட்சிங்கைத் தொடாமல் போர்டிலேயே நின்றன. டிரான்சிஸ்டர் சூடாவது டயோடுக்குத் தெரியவே தெரியாது. டயோடை ஷார்ட் செய்தவர் நோயைச் சரியாகப் பார்த்தார், மருந்துதான் தவறு.

சரியான மருந்து, பயாஸைத் தரும் பொருளையும் அதே சூட்டில் உட்கார வைப்பது. பிடி 139 (BD139) போன்ற ஒரு சின்ன டிரான்சிஸ்டரை இரண்டு ரெசிஸ்டர்களோடு சேர்த்தால், அதன் 0.6 வோல்ட்டை வேண்டிய மடங்கு பெருக்கித் தரும். அதை மைக்கா, பேஸ்ட் வைத்து ஹீட்சிங்கில், அவுட்புட் டிரான்சிஸ்டரை ஒட்டி முடுக்க வேண்டும். அவுட்புட் சூடானால் இதுவும் சூடாகி, பயாஸைத் தானாகவே இறக்கும்.

அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம். சூடு டிரான்சிஸ்டரின் உள்ளிருந்து ஹீட்சிங்குக்கு வந்து, அங்கிருந்து பயாஸ் டிரான்சிஸ்டருக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தவில் தனி முடிந்து, உடனே மெல்லிய ஆலாபனை தொடங்கும் அந்தச் சில நொடிகளில் பயாஸ் சரியான இடத்தில் இருக்காது. இதற்காகவே டயோடையும் டிரான்சிஸ்டரையும் ஒரே உறைக்குள் வைத்து ஐந்து காலோடு 'தெர்மல்டிராக்' என்ற வகை வந்தது. ஐசிகளுக்கு இந்தச் சங்கடம் வெகு குறைவு. பயாஸும் அவுட்புட்டும் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால் சூடு உடனே பகிரப்படுகிறது. மலிவான 4440 போர்டு ஒன்று, அஜாக்கிரதையாகச் செய்த பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விட இரவு நேரத்தில் இனிமையாகப் பாடுவதற்குக் காரணம் இது. வாட்ஸ் குறைவு என்று அதை ஒதுக்குபவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஃபீட்பேக் எவ்வளவு காப்பாற்றும்?

பயாஸே இல்லாமல், ஃபீட்பேக்கை வைத்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1927 ஆகஸ்ட் 2 அன்று, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெல் லேப்ஸ் பொறியாளர் ஹரால்ட் பிளாக், கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்தில் நெகட்டிவ் ஃபீட்பேக் யோசனையை எழுதினார். தொலைதூரத் தொலைபேசிக்காக எழுதியது. இன்று அது இல்லாத ஆம்ப் அபூர்வம். வெளியே வருவதை உள்ளே போவதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்தும் ஏற்பாடு.

அது செத்த இடத்தைச் சுருக்கும், உண்மைதான். ஆனால் ஒப்பிட்டுத் திருத்தவும் நேரம் வேண்டும். 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசிக்குப் பின்னால் பயாஸ் இல்லாத ஒரு ஜோடியை வைத்துப் பாருங்கள். அலை நடுக்கோட்டைக் கடக்கும்போது ஆப்-ஆம்ப் ஒரே தாவலில் 1.2 வோல்ட் தாண்ட வேண்டும். 741-இன் வேகம் ஒரு மைக்ரோ நொடிக்கு அரை வோல்ட். ஆக 2.4 மைக்ரோ நொடி. 1 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்று 500 மைக்ரோ நொடி என்பதால் தெரியாது. 20 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்றே 25 மைக்ரோ நொடிதான். அதில் பத்தில் ஒரு பங்கு தாவலிலேயே போய்விடும். டிஎல் 071 என்ற ஆப்-ஆம்ப் இதைவிடப் பல மடங்கு வேகம் என்பதால் நன்றாகச் சமாளிக்கும். பெரிய ஆம்ப்பிலும் இதே கதைதான். ஊளையிடாமல் நிலையாக நிற்பதற்காக, அதிர்வெண் ஏற ஏற ஃபீட்பேக்கின் பலத்தைக் குறைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். கிராஸ்ஓவர் மடிப்போ உயர்ந்த அதிர்வெண்களையே அதிகம் வீசுகிறது. எங்கே உதவி தேவையோ அங்கேதான் உதவி குறைகிறது. முதலில் பயாஸைச் சரியாக வை, மிச்சத்தை ஃபீட்பேக் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சரியான வரிசை.

ஆப்-ஆம்ப் என்றதும் இன்னொன்று. எல்எம் 324, 358 ஐசிகளை மைக் பிரீஆம்ப்புக்குப் போட்டுவிட்டு ஒலி கரகரக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. அவற்றின் அவுட்புட்டிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் சப்ளைக்கு, ஒற்றை சப்ளை என்றால் கிரவுண்டுக்கு, ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் உள்ளே ஒரு பக்கம் எப்போதும் விழித்திருக்கும். தரவுத்தாளிலேயே எழுதியிருக்கும் வைத்தியம் அது.

பயாஸின் தொல்லையே வேண்டாம் என்று வேறு வழி தேடியவர்களும் உண்டு. 1975-இல் வந்த குவாட் 405-இல் பீட்டர் வாக்கர் செய்தது மிக அழகு. சின்னக் கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்று எப்போதும் விழித்திருந்து நுணுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய டிரான்சிஸ்டர்கள் பயாஸே இல்லாமல், கரண்டைக் கொட்டும் வேலையை மட்டும் செய்யும். நான்கு உறுப்புகளைத் தராசு போலச் சமன்செய்து, பெரியவற்றின் தடுமாற்றம் ஸ்பீக்கருக்குத் தெரியாதபடி பண்ணியிருந்தார். பயாஸைத் திருகிச் சரிசெய்யும் பிரிசெட்டே கிடையாது. 1970களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் டிரான்சிஸ்டர் முழுக்க அணையாமல் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட்களைப் பல பெயர்களில் விற்றன. கிளாஸ் ஜி, எச் இரண்டும் சப்ளை வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சூட்டைக் குறைப்பவை. நடுக்கோட்டுச் சிக்கலைத் தொடுவதில்லை.

புளூடூத் ஸ்பீக்கரிலும் இன்றைய சின்ன போர்டுகளிலும் இருக்கும் கிளாஸ் டி வேறு உலகம். அங்கே டிரான்சிஸ்டர் முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும். நொடிக்குப் பல லட்சம் தடவை. ஆனால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறந்தால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும் என்பதால், நடுவே சில பத்து நானோ நொடி இருவரையும் மூடி வைக்க வேண்டியிருக்கிறது. ரம்பக்காரர்கள் இருவரும் கை விடும் அதே கணம், வேறு உருவத்தில். அதுவும் திரிபைத் தரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸும் திரிபு சதவீதமும் இதைச் சொல்லாது. முழு வாட்ஸில் அளந்தால் செத்த இடம் பெரிய அலைக்குள் ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவில் 1974-இல் வந்த விதி, விளம்பரத்தில் சொல்லும் திரிபு 250 மில்லிவாட் முதல் முழு வாட்ஸ் வரை எல்லா அளவிலும் பொருந்த வேண்டும் என்று கேட்டது. அந்த 250 மில்லிவாட்டை விதியில் சேர்த்தவர்களுக்கு என் வணக்கம்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். போனில் ஒரு டோன் ஆப் போட்டு, 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஆம்ப்புக்குக் கொடுங்கள். வால்யூமை மிகக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். நல்ல ஆம்ப்பில் அது ஊமையான "ம்ம்" என்றுதான் கேட்கும். பயாஸ் குறைந்த ஆம்ப்பில் வண்டு இரைவது போலக் கேட்கும். சத்தம் ஏற ஏற அந்த வண்டு அடங்கும். பாட்டில் தெரியாதது இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

தம்பியின் பெட்டிக்கு வருகிறேன். டயோடுகளை எடுத்துவிட்டு, பிடி 139-ஐ ஹீட்சிங்கில் முடுக்கினேன். பிரிசெட்டை அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே வைத்தேன். பிரிசெட் தேய்ந்து தொடுப்பு விட்டுப்போனால் பயாஸ் இறங்க வேண்டுமே தவிர ஏறக்கூடாது. இடம் மாற்றி வைத்தால் ஒருநாள் அவுட்புட் மொத்தமாகப் போய்விடும். ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். இதற்கு எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. நல்ல அறிகுறி. பிறகு பல்பை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை எமிட்டர் ரெசிஸ்டர் மேல் வைத்து 18 மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன். இருபது நிமிடம் பாட விட்டு, நிறுத்தி, மறுபடி பார்த்தபோது 27. கொஞ்சம் இறக்கி 23-இல் விட்டேன். அரை மணி கழித்தும் 22, 23-இலேயே நின்றது. இரண்டாவது சேனலுக்கும் அப்படியே.

கணக்குப் பார்த்தால் சேனலுக்கு நூறு மில்லிஆம்பியர் சொச்சம், ஏழு எட்டு வாட் சூடு. ஹீட்சிங்க் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அது இருக்க வேண்டிய சூடுதான் என்று தம்பியிடம் சொன்னேன். கடையை மூடும் நேரம், தெருவில் வண்டிச் சத்தம் குறைந்திருந்தது. வால்யூமை முள் அசைந்தும் அசையாத இடத்தில் வைத்துத் தம்புராவைப் போட்டோம். ஒவ்வொரு மீட்டலும் கடைசி வரை தேய்ந்து, அடுத்ததற்குள் கரைந்தது. அவன் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் அப்படியே நின்றான்.

மூடியை முடுக்குவதற்கு முன், உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதினேன்: 'எமிட்டர் ரெசிஸ்டரில் 23 மில்லிவோல்ட், சூடான பிறகு அளந்தது. சுடுகிறது என்று பயாஸை ஷார்ட் செய்ய வேண்டாம்.'